காதாலேயே டிராக்டர் பார்ப்பவர்

கறம்பக்குடிப் பக்கத்தில் எந்தக் கொல்லையிலாவது ஒரு பழைய டிராக்டர் நின்றுபோனால், அது நின்ற சத்தம் அடங்குவதற்குள் ஒருவர் அங்கே வந்துவிடுவார். அவர் மெக்கானிக் அல்ல. டிரைவரும் அல்ல. வண்டிக்குச் சொந்தக்காரர் நிச்சயமாக அல்ல. அவர்தான் காதாலேயே டிராக்டர் பார்ப்பவர்.

அவரை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். வேட்டியை மடித்துக் கட்டி, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு, வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, பெரிய சக்கரத்தைக் காலால் ஓர் உதை உதைத்து, "ஸ்டார்ட் பண்ணு" என்று உத்தரவு போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். கச்சேரிக்குப் போனவர்கூட அத்தனை உருக்கமாகக் கேட்க மாட்டார். பிறகு கண்ணைத் திறந்து, இதற்கு முன்னால் யார் கை வைத்தது என்று கேட்பார். நீங்கள் யார் பெயரைச் சொன்னாலும் "அதான்" என்பார். யாருமே கை வைக்கவில்லை என்றால்? அதற்கும் "அதான்".

இந்த இனத்தில் குழந்தைசாமி முதல்தரம். மலாயாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் நிறுக்கும் வேலையில் இருந்தவர். அவருடைய கொட்டகையைத் தாண்டித் தினமும் ஒரு டிராக்டர் போகும், வரும். அது ஒரு நாளும் பழுதாகவில்லை. அதனால் டிராக்டருக்கு வரும் நோய்களைப் பற்றி அவருக்குச் சந்தேகம் என்பதே கிடையாது.

அவர் கையில், இல்லை, காதில் அகப்பட்டது மலையாண்டியின் வண்டி. மலையாண்டிக்கு அக்காள் மூக்காயி. இரண்டு பேருக்கும் பொதுவான உழவு மாட்டை விற்றுத்தான் அந்தப் பழைய வண்டியை வாங்கினார்கள். "தம்பி டிராக்டர் வாங்கியிருக்கான்" என்பதை மூக்காயி கேட்டவர்களுக்கும் சொன்னாள், கேட்காதவர்களை நிறுத்தியும் சொன்னாள். அப்படிச் சொன்ன வாயை அவள் மூடுவதற்குள், சித்திரை உழவிலேயே வண்டியின் கியர் முனகத் தொடங்கி, ஓட்டத்தில் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்தது. குழந்தைசாமி வந்தார், கேட்டார். ஆயில் தண்ணியாக இருக்கிறது, கெட்டியாக ஊற்று என்றார். கியர் அடங்கியது.

அடுத்த வாரம் லிப்ட் மக்கர் செய்தது. லிப்ட் என்பது பின்னால் மாட்டிய கலப்பையை மண்ணிலிருந்து தூக்குகிற ஏற்பாடு. காலையில் அது எழுந்திருக்க மறுத்தது. குழந்தைசாமி வந்தார், கேட்டார். ஆயில் கூழாக இருக்கிறது, இளக்கமாக ஊற்று என்றார். லிப்ட் எழுந்தது. கியர் கழன்றது. மறுபடியும் கெட்டி ஆயில். அந்த வண்டியில் கியருக்கும் லிப்டுக்கும் ஆயில் ஒன்றே. இரண்டுக்கும் ஒரே சட்டியிலிருந்து பரிமாறல். ஆனால் குழந்தைசாமிக்கு ஒவ்வொன்றும் புது நோய். ஒவ்வொன்றையும் அவர் குணப்படுத்தினார். இப்படி ஒரு வைத்தியருக்குப் பெயர் வராமல் என்ன செய்யும்?

ஆடியில் நல்ல மழை இறங்கியது. செம்மண் கொல்லையில் ஈரம் எத்தனை நாள் நிற்கும்? வெயில் அடித்தால் மூன்றாம் நாள் பொருக்குத் தட்டிவிடும். மூக்காயி விதைக் கடலையை எல்லாம் உடைத்து வைத்துவிட்டாள். உடைத்த பருப்பு காத்திருக்காது. மண்ணுக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் செக்குக்குப் போக வேண்டும். காலையில் முதல் சால் ஓட்டி வரப்போரம் வந்து மலையாண்டி வண்டியைத் திருப்ப முயன்றபோது, மண்ணில் இறங்கிய கலப்பை மேலே வரவில்லை.

குழந்தைசாமி வந்துவிட்டார். இந்த இனத்தாருக்கு எப்போதும் கூட இரண்டு பேர் உண்டு, சொன்னதைத் திருப்பிச் சொல்ல ஒருவர், மறுத்துச் சொல்ல ஒருவர். மூவரும் கேட்டார்கள். லிப்டுக்கு ஆயில் தள்ளுகிற பம்பு போய்விட்டது, கழற்றித் திருச்சிக்கு அனுப்பு, பத்துப் பதினைந்து நாளில் வந்துவிடும் என்று தீர்ப்பானது. மலையாண்டி ஸ்பானரை எடுக்கக் குனிந்தான்.

"போன வாரம் நீங்க சொன்ன ஆயிலத்தானே மாமா ஊத்துனோம்?" என்றாள் மூக்காயி.

"அது கியருக்குச் சொன்னது ஆத்தா. லிப்டுக்கு அத யாரு ஊத்தச் சொன்னா?"

மூக்காயி சேலையை இழுத்துச் செருகினாள்.

"பம்ப அப்பறம் கழட்டிக்கிருவோம். இங்கிட்டு மூணு ஆம்பளைக நிக்கிறீங்க, நான் ஒருத்தி. திரும்புற எடத்துல மட்டும் கலப்பையக் கையால தூக்கி விட்டா வண்டி திரும்பிரும்."

"அக்கா, வேணாங்கா. மாமாவப் போயி..."

"நீ ஏறி ஒக்காருடா. ஏன் மாமா, மலாயாவுல கலப்பையெல்லாம் தூக்க மாட்டாகளோ?"

மலாயாவின் மானம் போகலாமா? முதுகுக்குப் பின்னால் கோத்திருந்த கைகள் முதன்முதலாக முன்னால் வந்தன. ஒவ்வொரு வரப்பிலும் நாலு பேரும் கலப்பையைத் தூக்கினார்கள், வண்டியோடு சேர்ந்து பக்கவாட்டில் நடந்தார்கள், இறக்கினார்கள். இறக்கிய மூச்சோடு குழந்தைசாமி பம்பைப் பற்றிப் பேசினார். மறுத்துச் சொல்பவர் வால்வு என்றார். திருப்பிச் சொல்பவர் மூச்சு வாங்கியதால் ஒன்றும் சொல்லவில்லை. உழவு நடந்தது.

வெயில் ஏற ஏற வண்டியும் உள்ளே இருந்த ஆயிலும் சூடாகிக் கியர்பாக்ஸில் கை வைக்க முடியவில்லை. அந்த நேரம், ஏதோ ஒரு வரப்பில், பழக்கத்தில் மலையாண்டி லிப்ட் கம்பியை இழுத்துவிட்டான். தூக்கக் குனிந்த நாலு பேரின் கைக்கும் அகப்படாமல் கலப்பை தானாக மேலே போனது.

குழந்தைசாமிக்கு ஒரு நிமிஷம் போதும்.

"உள்ள சிக்கியிருந்துச்சு. தூக்கித் தூக்கி விட்டதுல வழிக்கு வந்துருச்சு. அதுக்குத்தான் தூக்குவோம்னேன்."

மூக்காயி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "ஆமா மாமா, ஒங்க கைராசி" என்று சொல்லிவிட்டு விதைக் கூடையை எடுக்கப் போனாள். பொழுது சாய்வதற்குள் கடலை முழுவதும் மண்ணுக்குள் இருந்தது.

இப்போது அந்த வட்டாரத்தில் யார் வண்டியில் லிப்ட் எழாவிட்டாலும் குழந்தைசாமியின் வைத்தியம்தான்: காலையில் நாலு பேர் பிடித்துத் தூக்குவது. மத்தியானத்துக்குள் குணம் தெரிகிறது என்கிறார்கள்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். கோளாறு பம்பும் இல்லை, வால்வும் இல்லை, இன்னதுதான் என்று பாதியிலேயே கண்டுபிடித்துப் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லியும் இருப்பீர்கள். நல்லது. அந்த வண்டியை நீங்கள் பார்த்ததுண்டா? குழந்தைசாமி அதைச் சுற்றியாவது வந்தார்.