பெட்டிக்கு வெளியே நின்ற ஆள்

அன்பிற்குரிய தங்கைக்கு,

உன் அண்ணன் எழுதுவது. நீ, மாப்பிள்ளை, பிள்ளைகள் எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் என் மகளும் உடம்பளவில் சுகம். மனசளவில் எப்படி என்பதைக் கடைசிவரை படித்துவிட்டு நீயே முடிவு செய்துகொள். மாப்பிள்ளை கண்ணில் படாமல் படி. அவர் சிரித்துவிடுவார்.

முப்பத்திரண்டு வருடம் கிடங்குக் காப்பாளராக இருந்தவன் நான். உள்ளே வருகிற மூட்டையையும் வெளியே போகிற மூட்டையையும் சந்தேகமாகப் பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளமே கொடுத்தார்கள். ஓய்வு பெற்ற அன்று மேசையைக் காலி செய்து சாவிக்கொத்தை ஒப்படைத்தேன். சந்தேகத்தை யாரும் திருப்பிக் கேட்கவில்லை, அது என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது. இதைச் சொல்வது எதற்கென்றால், மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை காலையில் என் மகள் சமையலறையில் நின்று யாரோடோ போனில் பேசியதை நான் ஒட்டுக்கேட்கவில்லை, காதில் விழுந்தது. கதவுக்குப் பின்னால் நான் நின்றது தற்செயல். அவள் சொன்னாள்: "வயசானவரைப் பெட்டிக்குள்ள வச்சா சரியா வராதுங்க. வெளியே நிறுத்திடலாம். உள்ளே ஒரு கோடு மட்டும் இழுத்து விட்டாப் போதும்."

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நம் வீட்டில் வயசானவர் என்று நான் ஒருவன்தான் இருக்கிறேன். அவள் ஆராய்ச்சிக்காகக் கல்லூரிக்குப் போனபிறகு அவள் மேசையைத் துடைக்கப் போனேன். துடைக்கத்தான். அங்கே ஒரு தாள். அதில் பெரிய பெட்டி, பெட்டியின் உச்சியில் 'வீடு' என்று எழுதியிருக்கிறது. பெட்டிக்கு வெளியே, இடது ஓரமாக, நாலு குச்சியும் ஒரு வட்டத் தலையுமாக ஒரு ஆள். கீழே 'முதியவர்'. தலையில் நாலு முடிகூடப் போடவில்லை. அந்தக் குச்சி ஆளிடமிருந்து கோடுகள் பெட்டிக்குள் போய் முட்டை முட்டையான வட்டங்களைத் தொடுகின்றன. ஒரு முட்டையில் 'பூட்டுதல்', ஒன்றில் 'சரிபார்த்தல்', அடுத்ததில் 'மறுபடியும் சரிபார்த்தல்'. பெற்ற மகள் அப்பனை வீட்டுக்கு வெளியே நிறுத்திப் படமே வரைந்துவிட்டாள், அதுவும் அளவுகோல் வைத்து. அன்று சாயங்காலம் ஆழம் பார்ப்பதற்காக, "என் ரூம் சன்னல் கொக்கி ஆடுது, மாத்தணும்மா" என்றேன். "மாநாடு முடியட்டும்பா, அப்புறம் பார்த்துக்கலாம்" என்றாள். இன்னும் கொஞ்ச நாளில் ஆளே இருக்கப்போவதில்லை, கொக்கி எதற்கு என்றுதானே அர்த்தம்?

என்ன மாநாடு என்று கேட்டேன். மென்பொருள் வடிவமைப்பும் மாடலிங் மொழிகளுமாம். "மொழின்னா யார் பேசறது?" என்றேன். "யாரும் பேச மாட்டாங்கப்பா, வரைவாங்க. ஒரு மென்பொருளைச் செய்யறதுக்கு முன்னாடி, யார் யார் அதை என்ன செய்வாங்கன்னு படமாப் போட்டுக் காட்டறது. அதுக்குன்னு தனி இலக்கணமே இருக்கு." பேசாத மொழிக்கு இலக்கணம், அதற்கு இரண்டு நாள் மாநாடு, அதுவும் பஸ்ஸில் ஐந்து மணி நேரப் பயணத்தில். நானும் வருகிறேன் என்றேன். "தாராளமா வாங்கப்பா" என்றாள் உடனே. மறுத்திருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

போய் இறங்கினோம். வாசலில் ஒரு நீள மேசை, அதன் பின்னால் ஒரு பெண்மணி, அவர் முன்னால் வரிசை வரிசையாகக் கழுத்து அட்டைகள். மகள் ஒரு பக்கம் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்க, அந்தப் பெண்மணி என் நரைத்த மீசையைப் பார்த்துவிட்டு, "வாங்க சார், உங்களைத்தான் நேத்திலிருந்து எதிர்பார்த்தோம்" என்று ஒரு அட்டையை என் கழுத்தில் மாட்டிவிட்டார். வராமல் போன யாரோ ஒரு முனைவருடையது. கழற்றித் தந்திருக்கலாம். ஆனால் வேவு பார்க்க வந்தவனுக்கு மாறுவேடம் தானாகக் கிடைத்தால் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? காபி இடைவேளையில் இரண்டு பேர் என்னைச் சுவரோரம் மடக்கி, தங்கள் படத்தைக் காட்டிக் கருத்துக் கேட்டார்கள். ஒரே பெட்டியும் அம்புமாக இருந்தது. கிடங்கு ஞாபகத்தில், "உள்ளே போறது எல்லாம் வெளியே வருதான்னு எண்ணிப் பார்த்தீங்களா?" என்றேன். ஒருவர் முகம் வெளுத்துவிட்டது. "இல்லையே சார்" என்று சொல்லி ஓடிப்போய்ப் படத்தைத் திருத்தத் தொடங்கினார். அதன்பிறகு நான் போகிற இடமெல்லாம் நாலு பேர் என் பின்னாலேயே வந்தார்கள். நான் அவர்களைச் சந்தேகப்பட்டேன், அவர்கள் என்னைப் பெரிய ஆள் என்று நினைத்தார்கள்.

பகல் மூன்று மணிக்கு மகளின் முறை வந்தது. மேடையில் ஏறினாள், திரையில் அந்தப் படம் விழுந்தது. வீட்டில் ஒரு சாண் இருந்த குச்சி ஆள் இங்கே என்னைவிட உயரம். தொண்டையைச் செருமிக்கொண்டு பேசினாள். தனியாக இருக்கிற வயசானவர்களுக்குப் போனிலேயே திறந்து பூட்டுகிற பூட்டு ஒன்று செய்கிறார்களாம். செய்கிறவர்கள் எல்லோரும், மனிதன் ஒரு தடவை பூட்டுவான், போய்விடுவான் என்று நினைத்துக்கொள்கிறார்களாம். "நிஜ மனுஷங்க அப்படி இல்லை. இந்தப் பெரியவர் காலையில நடக்கப் போகும்போது பூட்டுவார், இழுத்துப் பார்ப்பார், படி இறங்கிட்டுத் திரும்பி வருவார், தெருமுனை வரைக்கும் போயிட்டு மறுபடியும் வருவார். மொத்தம் நாலு தடவை. பூட்டு இவரைத் திருடன்னு நினைச்சு அலாரம் அடிச்சிடும். இவரை மாதிரி ஆளையும் சேர்த்து வரையத்தான் என் மொழி."

அரங்கம் சிரித்தது. எனக்குக் காது சுட்டது. நான் ஓய்வு பெற்ற இந்த இரண்டு வருடமாக என்னை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள்! நான் ஊரையெல்லாம் கண்காணித்தேன், என்னை ஒருத்தி வீட்டுக்குள்ளேயே இருந்து கண்காணித்திருக்கிறாள். அதற்குள் முன்வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருந்த ஒரு பேராசிரியர் எழுந்தார். எல்லோரும் அவருக்குப் பயப்படுவது அவர் எழுந்த விதத்திலேயே தெரிந்தது. "மொழியைச் செஞ்சுட்டு அதுக்கேத்த மாதிரி ஒரு மனுஷனை நீங்களே கற்பனை பண்ணிக்கிட்டீங்க. நாலு தடவை யாரும்மா பூட்டைப் பார்ப்பாங்க? இப்படி ஒரு ஆள் உலகத்துல கிடையாது. ஆளே இல்லைன்னா உங்க ஆராய்ச்சியும் இல்லை" என்றார்.

மகள் கூட்டத்தில் என்னைத் தேடினாள், கண்டாள், உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டாள். ஒரு வார்த்தை சொன்னால் பிழைத்திருப்பாள். நூறு பேர் முன்னால் அப்பனைக் காட்டிக்கொடுக்க மனசு வராமல் மைக்கைப் பிடித்தபடி நிற்கிறாள், தங்கச்சி. நான் கழுத்திலிருந்து அந்த முனைவரைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

"ஐயா, இருக்கேன்" என்றேன். "நான்தான் அந்த ஆள். நாலு தப்பு, அஞ்சு தடவை. இவ அப்பங்கிறதால குறைச்சுச் சொல்லியிருக்கா."

பேராசிரியர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "அஞ்சாவது எதுக்கு?"

"உள்ளே பொண்ணு தூங்கறா. நீங்களா இருந்தா எத்தனையோட நிறுத்துவீங்க?"

அவர் மேடைப் பக்கம் திரும்பி, "ஒரு வட்டம் குறையுதும்மா, சேர்த்துடுங்க" என்று சொல்லி உட்கார்ந்தார். கைதட்டல் அடங்க நேரம் பிடித்தது. சிறந்த கட்டுரைப் பரிசு என்னவோ வேறு யாருக்கோ போனது. காபி இடைவேளையில் முகம் வெளுத்தாரே, அவருக்கு.

திரும்பி வருகிற பஸ்ஸில் கேட்டே விட்டேன். "எல்லாம் சரி. என்னை ஏன் வீட்டுக்கு வெளியே நிறுத்தினே?" அவளுக்கு முதலில் புரியவில்லை, புரிந்ததும் கண்ணில் நீர் வருகிற அளவுக்குச் சிரித்தாள். "அப்பா, அந்தப் பெட்டிக்குள்ள இருக்கிறது எல்லாம் மிஷின். மனுஷனை அதுக்குள்ள போடக்கூடாது, அதான் இலக்கணம். யாருக்காக எல்லாத்தையும் செய்யறோமோ அவங்க வெளியே நிப்பாங்க. நீங்க இல்லைன்னா அந்தப் படத்துல ஒரு கோடுகூட இருக்காது." நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். தூசி.

ஆகையால், நான் வீட்டைவிட்டுத் துரத்தப்படப் போகிறேன் என்று போன வாரம் உனக்கு எழுதியதைக் கிழித்துப் போட்டுவிடு. என் மகள் என்னிடம் எதையும் மறைக்கிறவள் அல்ல. இனிமேல் நான் யாரையும் சந்தேகப்படுவதாக இல்லை. நீ நன்றாக இரு, மாப்பிள்ளை உடம்பைப் பார்த்துக்கொள்ளட்டும், பிள்ளைகள் நீண்ட ஆயுளோடு நன்றாகப் படித்து, முடிந்தால் பேசுகிற மொழி எதையாவது படிக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அன்பு அண்ணன்

பி.கு.: கடிதத்தை மடித்துக்கொண்டிருந்தபோது மகள் வந்து யாருக்கு என்று கேட்டாள். அத்தைக்கு என்றேன். உடனே முகமெல்லாம் சிவந்து, "அத்தைக்கா? அப்போ ஞாயித்துக்கிழமை நம்மைப் பார்க்க வர்றவரைப் பத்தி அவங்களே உங்ககிட்ட சொல்லிட்டாங்களாப்பா?" என்றாள். நான் எல்லாம் தெரிந்தவன் மாதிரி தலையை ஆட்டி வைத்திருக்கிறேன். வருகிறவர் யார்? எத்தனை வருடமாக? உனக்கு எப்போதிலிருந்து தெரியும்? மாப்பிள்ளைக்கும் தெரியுமா? சந்தேகப்பட மாட்டேன் என்று மேலே எழுதிய வரியை நீயே அடித்துவிட்டு, வருகிறவரின் உயரம், உத்தியோகம், குணம் எல்லாவற்றையும் உடனே எழுது. ஞாயிறுக்கு இன்னும் நாலு நாள்தான் இருக்கிறது.