சிரிக்கும் பன்றியின் சிபாரிசு

இந்தக் காலத்து ஜனங்களுக்கு வாய் எதற்கு இருக்கிறது என்றே தெரியவில்லை. நூடுல்ஸ் உறிஞ்சத் தெரிகிறது, போனில் ஊர்க்கதை பேசத் தெரிகிறது. எதிரே நிற்கிறவனிடம் ஒரு கேள்வி கேள் என்றால் மட்டும் பூட்டிக்கொள்கிறது.

தென்கொரியாவில், ஆன்சானில் எனக்கு இரும்புத் தகடு வளைக்கும் பட்டறை இருக்கிறது. அங்கே வேலை பார்க்கும் கேம்ராஜ் நேபாளத்துக்காரன். நல்ல கை. இந்த நாட்டில் நிரந்தரமாகத் தங்க அனுமதி கிடைத்தால்தான் பெண்டாட்டியையும், போனிலேயே பார்த்து வளர்த்த மகளையும் கூட்டிவர முடியும். அதற்கு முதலாளி சிபாரிசு செய்து முத்திரை குத்த வேண்டும். அவனும் கொரிய மொழித் தேர்வில் தேற வேண்டும். தேர்வு அடுத்த வாரம். இவனோ ஞாயிற்றுக்கிழமை வகுப்பை விட்டுவிட்டு, என் ஒற்றைச் செருப்பைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு நழுவுகிறான்!

பின்னாலேயே போனேன். மஞ்சள் தூசி அடிக்கும் காலம். தொப்பியும் முகமூடியும் போட்டால் பெற்றவளுக்கே அடையாளம் தெரியாது.

நூடுல்ஸ் கடை மாடியில் வெண்மேகப் போசால் என்று ஒரு சாமியாடி. படிக்கட்டு முழுக்கக் கூட்டம். எல்லார் கையிலும் அவரவர் முதலாளியின் உடைமை. ஒருத்தனிடம் கையுறை, ஒருத்தியிடம் சீப்பு, இன்னொருத்தனிடம் பல்செட்டு டப்பா. அந்த முதலாளி அன்றைக்கு எதை வைத்து மென்றாரோ!

"தாத்தா, நீங்களும் விசாவுக்கா?" என்றாள் முன்னால் நின்ற வியட்நாம்காரி.

"நான் இங்கயே பொறந்தவன்மா."

"பரவால்ல. அதுக்கும் அம்மா ஒரு பரிகாரம் வச்சிருப்பாங்க."

உள்ளே மேசைமேல் வேகவைத்த பன்றித்தலை. புது இயந்திரம் வந்தால் நாங்கள் பன்றித்தலை வைத்து, அதன் வாயில் நோட்டைச் செருகிக் கும்பிடுவது வழக்கம்தான். சிரித்த மூஞ்சி என்றால் கசாப்புக் கடையில் விலை கூட. நானும் வைத்திருக்கிறேன். கும்பிட்டது ஊருக்காக, தின்றது எனக்காக. இந்த அம்மாள் அதையே விசா அலுவலகம் ஆக்கிவிட்டாள். பன்றி சிரித்தால் முதலாளி முத்திரை குத்துவான். முறைத்தால் மறுபூஜை. அதுவரை முதலாளியிடம் வாய்திறந்து கேட்டால் எல்லாம் பாழ். அந்தக் கடைசி விதிதான் அவள் பிழைப்பு.

கேம்ராஜ் நோட்டுகளை எண்ணிக்கொண்டு ஒதுங்கி நிற்க, வரிசையில் என் முறை முதலில் வந்தது. பக்திமான் போலக் குனிந்து பன்றியின் மூக்கைத் தொட்டுக் கும்பிட்டேன். என் கட்டைவிரலில் எப்போதும் பட்டறை எண்ணெய் இருக்கும். கறை நன்றாகப் பிடித்தது.

அடுத்து கேம்ராஜ். என் செருப்பை வைத்தான், நோட்டைச் செருகினான். பன்றி முறைத்தபடியே இருந்தது. போசால் மணியை ஆட்டிக் கண்ணைச் சொருகினாள்.

"உன் முதலாளி நெஞ்சு கல்லுடா. செத்துப்போன அவன் அப்பன் ஆவி கையை முறுக்கிப் பிடிச்சிருக்கு. முத்திரையைத் தொட விடமாட்டேங்குது."

"எம் பொண்ணைக் கூட்டிட்டு வரணும்மா. என்ன செய்யட்டும்?"

"பன்னிக்கு இன்னும் பசிக்குதுடா."

பையில் இருந்ததை எல்லாம் செருகினான். அவள் புருஷன் பன்றித்தலையை வெள்ளைத் துணியால் மூடி, ஆவி இறக்க உள்ளே தூக்கிப் போனான். மேளம் முழங்கியது. துணியோடு திரும்பி வந்தான். துணியை எடுத்தால், பன்றி காதுவரை சிரிக்கிறது! கூட்டம் 'ஓ' என்றது. கேம்ராஜ் அழுதே விட்டான்.

"சிரிக்குது, சரி. மூஞ்சியை யாரு கழுவிவிட்டது?" என்றேன்.

"யாருய்யா நீ?" என்றாள் போசால்.

"மூக்குல நான் வச்ச எண்ணெய்க் கறை எங்க? ஆவி சோப்பும் போடுமா?"

திரையை விலக்கிச் சமையலறைக்குள் போனேன். கறுத்த மூக்கோடு இன்னொரு தலை அங்கே முறைத்துக்கொண்டு கிடந்தது. காதைப் பிடித்துத் தூக்கிவந்து மற்றதன் பக்கத்தில் வைத்தேன். ஒன்று சிரித்தது, ஒன்று முறைத்தது. புருஷன்காரன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான், யாரோ கொண்டுவந்து வைத்ததுபோல.

முகமூடியைக் கழற்றினேன்.

"முதலாளி!" என்றான் கேம்ராஜ்.

"எங்கப்பா சாகலைடா. தொண்ணூறு தாண்டியும், கஞ்சியில உப்பில்லைன்னு காலையிலகூட என்னைத் திட்டினாரு. முத்திரை போன மாசமே குத்தியாச்சு. ஏண்டா கேக்கலை?"

"கேட்டா பாழாயிடும்னு சொன்னாங்க... நீங்களாவது சொல்லியிருக்கலாமே?"

"கேக்காதவனுக்கு என்னடா பதில்? பரீட்சையைப் பன்னி எழுதாது. வகுப்பு இன்னும் முடியலை, ஓடு!"

இரண்டு பன்றி வாயிலிருந்தும் தன் நோட்டுகளைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான். போசால் மணியை மடிக்குள் மறைத்துக்கொண்டாள்.

கூட்டத்தைப் பார்த்துச் சொன்னேன்: "முதலாளி மனசு தெரியணும்னா முதலாளியைக் கேளுங்க. செத்த பன்னிக்கு என்ன தெரியும்? தன் தலை போகப்போறதே அதுக்குத் தெரியலையே! யோசிங்க."

யோசித்தார்கள். கொஞ்ச நேரம்தான். பிறகு அந்த வியட்நாம்காரி கன்னத்தில் கைவைத்துக்கொண்டு சொன்னாள்:

"பாத்தீங்களா! பன்னி சிரிச்ச உடனே முதலாளியே நேர்ல வந்துட்டாரு!"

பாதிப் பேர் தலையாட்டினார்கள். நான் படி இறங்கினேன்.

"தாத்தா, எங்க முதலாளி எப்ப வருவாரு?" மேலிருந்து அவளே கேட்டாள்.

"நாளைக்குக் காலையில வேலைக்குப் போவேல்ல? அங்கதான் இருப்பாரு. கேளு."

"பன்னி அப்படிச் சொல்லலையே!"