பாகற்காய்ப் படையும் பருப்பு வடைப் படையும்

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் வாய்ச்சண்டை போட்டவர்கள் உண்டு, கைச்சண்டை போட்டவர்களும் உண்டு. ஆனால் வாழையிலையின் மேல் ஒரு முழு யுத்தத்தை நடத்தி, அதை மூன்று மாதம் முடிக்காமல் இழுத்த ஒரே மனிதர் எங்கள் ஜெனரல் அங்கிள்தான்.

ஜெனரல் என்றதும் மீசை, மிடுக்கு என்றெல்லாம் கற்பனை செய்ய வேண்டாம். ஒல்லி உடம்பு, அரைக்கைச் சட்டை, சட்டைப்பையில் இரண்டு பேனா. மோதிக்கொண்ட கார்களைப் போய்ப் பார்த்து, தவறு யார் மேல் என்று இன்சூரன்ஸுக்கு அறிக்கை எழுதுவதுதான் அவர் வேலை. முப்பது வருடம் எழுதி ஓய்வு பெற்றவர். அதில் பாதி அறிக்கைகளில் ‘இருவர் மேலும் தவறு’ என்றுதான் இருந்திருக்கும் என்று நான் சத்தியம் செய்யத் தயார். சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. நான் தினமும் கிள்ளானிலிருந்து ரயிலேறி வந்து வேலை பார்த்த அலுவலகத்துக்குக் கீழே ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடை. அதில் சுவரோரம் இருந்த நான்கு பேர் மேசை அவருடையது.

அவருக்குத் தெரிந்தது ஒரே ஒரு போர். முந்நூறு வருடத்துக்கு முன்னால் ஸ்காட்லாந்தில், ஷெரிஃப்மூர் என்ற பொட்டல்வெளியில் நடந்தது. அவருடைய அப்பா கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்த ரப்பர் தோட்டத்தின் துரை ஸ்காட்லாந்துக்காரராம். ஊர் திரும்பும்போது அந்தப் போரைப் பற்றிய புத்தகத்தைக் கொடுத்துவிட்டுப் போனாராம். அங்கிள் அதைத் தவிர வேறு புத்தகம் படித்ததாகத் தெரியவில்லை.

ஒரு மத்தியானம் வேறு இடமில்லாமல் அவர் எதிரில் உட்கார்ந்தேன். என்னைக் கேட்காமலே என் வடையை எடுத்துத் தன் வடைகளோடு வரிசையில் வைத்தார். பருப்பு வடை, லண்டன் ராஜாவின் படை. பாகற்காய் வறுவல், அந்த ராஜாவை இறக்கிவிட்டு வேறு ராஜாவை உட்கார வைக்க வந்த மலைநாட்டுப் படை. எண்ணிக்கையில் இரண்டு மடங்கு. சோறு மேடு. அப்பளம், பனியில் உறைந்துபோன சதுப்பு நிலம். நான் பாட்டுக்குப் பேச்சு சுவாரசியத்தில் சதுப்பு நிலத்தைக் கடித்துவிட்டேன்.

“என்ன தம்பி பண்றீங்க? குதிரைப்படை எப்படி அந்தப் பக்கம் தாண்டும்?” என்றார் அங்கிள், உண்மையான வேதனையோடு. இன்னொரு அப்பளம் வந்த பிறகுதான் போர் தொடர்ந்தது.

போர் இப்படி. வடைகளின் வலது கை, பாகற்காயின் இடது கையை அடித்துத் துரத்திக்கொண்டு ஓடுகிறது. அதே நேரம் பாகற்காயின் வலது கை, வடைகளின் இடது கையை அடித்து நொறுக்குகிறது. இரண்டு பக்கமும் வெற்றிக் களிப்போடு திரும்பி வந்து பார்த்தால் தன் படையில் பாதியைக் காணோம். எதிரும் புதிருமாக நிற்கிறார்கள். இந்த இடம் வந்ததும் அங்கிள் ரசத்தை ஒரு வாய் குடித்துவிட்டு, மீதி நாளைக்கு என்பார். மறுநாள், முதல் குதிரையிலிருந்து திரும்ப ஆரம்பிப்பார்.

கொஞ்ச நாளில் கடையே இரண்டாகிவிட்டது. பக்கத்து பேங்க் ஆட்கள் வடைக் கட்சி. எதிர்வரிசை மோட்டார் பட்டறை ஆட்கள் பாகற்காய்க் கட்சி. யார் ஜெயித்தார்கள் என்று தெரியாமல் ஒருவரும் எழுந்திருப்பதில்லை. வாசலில் ஆட்கள் வெயிலில் நிற்க, உள்ளே இவர்கள் காய்ந்த கையோடு உட்கார்ந்திருப்பார்கள். மடிக்காத இலையை எடுக்கக் கூடாது என்பது கடைக்கார அக்கா தன் வேலையாட்களுக்குப் போட்டிருந்த சட்டம். இலையை மடித்தால்தானே எடுக்க முடியும்? போர் முடியாமல் எப்படி மடிப்பது என்று நியாயம் பேசினார் அங்கிள்.

மூன்றாவது மாதம் அக்கா கரண்டியோடு வந்து நின்றார். “அங்கிள், வர்ற வெள்ளிக்கிழமை யாரு ஜெயிச்சான்னு சொல்லிடுங்க. இல்லன்னா வேற கடை பாத்துக்குங்க லா. என்னால முடியல.”

அன்று அங்கிள் என்னோடு ரயில் நிலையம் வரை நடந்து வந்தார். டிக்கெட் கதவுக்கு முன்னால் நின்று, யாருமே ஜெயிக்கவில்லை என்ற ரகசியத்தைச் சொன்னார். இருட்டும் வரை முறைத்துக்கொண்டு நின்றுவிட்டுக் கலைந்துபோனார்களாம். பிறகு இரண்டு பக்கமும் நாங்கள்தான் ஜெயித்தோம் என்று சொல்லிக்கொண்டார்களாம்.

ஏதாவது ஒரு பக்கத்தைச் சொல்லித் தொலையுங்கள், ஸ்காட்லாந்திலிருந்து யாரும் வந்து கேட்கப் போவதில்லை என்றேன். முப்பது வருடத்தில் ஒரு பொய் அறிக்கை எழுதியதில்லை என்றார். அப்படியானால் உள்ளதைச் சொல்லுங்கள் என்றேன்.

“சொல்லிட்டா அப்புறம் யாரு தம்பி என் எதிர்ல உட்காருவா?”

ரயில் வந்துவிட்டது என்று பொய் சொல்லி உள்ளே போனேன்.

வெள்ளிக்கிழமை பேங்க் கவுண்டரில் யாராவது இருந்தார்களா என்று சந்தேகம், கடையில் அவ்வளவு கூட்டம். அங்கிள் குளித்து, திருநீறு பூசி, புதுச் சட்டையில் வந்தார். வழக்கத்தைவிட மெதுவாகப் போரை நடத்தினார். கடைசியில் இரண்டு கையையும் மேசை மேல் வைத்துக்கொண்டு, “யாரும் ஜெயிக்கல. ரெண்டு பக்கமும் நாங்கதான் ஜெயிச்சோம்னு சொல்லிக்கிட்டாங்க” என்றார்.

பேங்க் மேனேஜர் எழுந்து, குதிரைப்படை வைத்திருந்த வடைகளுக்குத்தான் கணக்குப்படி வெற்றி என்றார். பட்டறை ஃபோர்மேன், அதிக ஆளை விரட்டியது எங்கள் பாகற்காய்தான் என்றார். மூன்று மாதம் ஒன்றாகச் சாப்பிட்டவர்கள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார்கள். அங்கிள் தலையைக் குனிந்துகொண்டு பேனாக்களைச் சரிசெய்தார். மேசை போய்விட்டது என்றே முடிவு செய்துவிட்டார் போலிருக்கிறது.

அக்கா கரண்டியால் மேசையைத் தட்டினார். “ரெண்டு பக்கமும் ஜெயிச்சோம்னு சொல்லிக்கிட்டாங்க, சரி. செத்தவங்க வீட்டுல போயி என்ன சொன்னாங்க?”

அது புத்தகத்தில் இல்லை என்று அங்கிள் மெல்லச் சொன்னார்.

“அப்ப முக்கியமானத விட்டுட்டாங்க. யோசிச்சு திங்கக்கிழமை வந்து சொல்லுங்க.” அக்கா உள்ளே போய்விட்டார். அங்கிளின் கண் கலங்கியதை நான் பார்த்தேன். ரசம் காரம் என்றார்.

திங்கட்கிழமை முதல், விழுந்த ஒவ்வொரு வடைக்கும் குடும்பம் வந்தது. இதற்கு வயதான அம்மா, அதற்கு அடுத்த மாதம் கல்யாணம், ஓரத்தில் கிடக்கும் பாகற்காய்க்கு மூன்று பெண் பிள்ளைகள். எல்லாம் அவருடைய சொந்தச் சரக்குதான், அதையும் முதலிலேயே சொல்லிவிட்டார். பட்டறை ஃபோர்மேன், முரட்டு ஆள், தன் இலையில் இருந்த பாகற்காயைக் கையில் எடுத்து, பார்த்து, திரும்ப வைத்துவிட்டார். “இதெல்லாம் கேட்டுட்டு எப்படிண்ணே சாப்பிடறது?” என்று என்னிடம் கேட்டார். வடை மிஞ்சிப் போகிறது என்று அக்கா தினமும் திட்டினார். ஆனால் அந்தச் சுவரோர மேசையில் அங்கிள் வரும் வரை வேறு யாரையும் உட்கார விட்டதில்லை.

அங்கிள் தன் மேசையைக் காப்பாற்றிக்கொண்டார். போனது என் இடம்தான். போன வருடம் எங்கள் அலுவலகத்தை நகரின் இன்னொரு பக்கம், செராஸுக்கு மாற்றிவிட்டார்கள். அங்கேயும் கீழே சாப்பாட்டுக் கடை இருக்கிறது, சமையலில் குறை சொல்ல முடியாது. பதினைந்து நிமிடத்தில் சாப்பிட்டு முடித்துவிடுகிறேன். என் வடையை யாரும் கேட்காமல் எடுப்பதில்லை, அது எனக்குப் பிடிக்கவே இல்லை.