பஸ்ஸைத் தவறவிட்டவரின் கட்டைவிரல்

புதுக்கோட்டைச் சீமை உலகத்துக்கு அளித்த கொடைகள் மூன்று. மலையைக் குடைந்து கோயில் கண்டது முதலாவது. சமஸ்தானமாக இருந்த காலத்தில் தனக்கென்று தனிக்காசு அடித்துக்கொண்டது இரண்டாவது. மூன்றாவதைப் பாடப்புத்தகம் எழுதுகிறவர்கள் இன்னும் கவனிக்கவில்லை. பஸ்ஸைத் தவறவிட்ட மனிதனின் கட்டைவிரலில் ஒரு பொற்காலம் ஒளிந்திருப்பதை விராலிமலை பிரசாந்த் கண்டுபிடித்ததுதான் அது. முதல் இரண்டுக்கும் ராஜாக்கள் தேவைப்பட்டார்கள். மூன்றாவதற்கு ஒரு பொறியியல் பட்டமும், அந்தப் பட்டத்துக்கு வேலை கிடைக்காத சில வருடங்களும் போதுமானதாக இருந்தன.

பிரசாந்த் நடத்திய இணையதளத்தின் பெயர் 'புதுகை பஸ் நேரம்'. எந்த ஊருக்கு எந்த பஸ் எத்தனை மணிக்கு என்று ஜனங்களுக்கு இலவசமாகச் சொல்லும் பொதுத்தொண்டு. தொண்டின் ஓரத்தில் விளம்பரங்கள் வரும். வருகிறவர் விளம்பரத்தைத் தொட்டால் தொண்டருக்குக் காசு. தொடாமல் போனால் தொண்டு மட்டும்தான் மிஞ்சும். ஆரம்பத்தில் தொண்டு நிறையவே மிஞ்சியது. ஜனங்கள் வந்தார்கள், நேரத்தைப் பார்த்தார்கள், போய் பஸ் ஏறிவிட்டார்கள். இந்த நன்றிகெட்ட வழக்கத்தை ஒழிப்பதற்காக ஓர் உயர்மட்டக் கூட்டம் கூட்டப்பட்டது.

கூட்டம் நடந்த இடம் விராலிமலைக் கடைத்தெருவில் ரீசார்ஜ் கடைக்கு மேலே இருந்த 'தலைமை அலுவலகம்'. கலந்துகொண்டவர்கள் இருவர். நிர்வாக இயக்குநர் பிரசாந்த். வடிவமைப்புத் துறைத் தலைவர் வசந்த். வசந்த் அதற்கு முன் பிளெக்ஸ் போர்டு அடித்துக்கொண்டிருந்தவர். காதுகுத்துப் போர்டில் நாற்பது தாய்மாமன்களின் முகத்தை, யாரும் யாருக்கும் சின்னதாகிவிடாமல் அடக்கிக் காட்டியவர். அப்படிப்பட்ட கைக்கு ஒரு செல்போன் திரை என்பது பெரிய மைதானம். கூட்டத்தின் நடுவில் ஒரு மயில் ஜன்னலில் வந்து நின்று பார்த்துவிட்டுப் போனது. கூட்டக் குறிப்பில் அதற்கும் 'பார்வையாளர்' என்று இடம் கொடுத்தார்கள்.

கூட்ட முடிவுப்படி சீர்திருத்தங்கள் வந்தன. விளம்பரத்தை மூடுவதற்கான பெருக்கல் குறி கடுகளவுக்குச் சிறுத்தது. கடுகைக் குறிபார்த்துத் தொடுகிறவர்களின் விரல் தவறி எங்கே விழும் என்று ஆராய்ந்து, அங்கே இன்னொரு விளம்பரம் நிறுத்தப்பட்டது. 'நார்த்தாமலை' என்ற எழுத்தைத் தொடப் போகும் நொடியில் அது கீழே இறங்கிக்கொள்ளும், அந்த இடத்துக்கு நான்குவழிச் சாலையோர வீட்டுமனை ஒன்று வந்து நிற்கும். நேரத்தை மட்டும் பார்த்துவிட்டு ஓடுகிறவர்களைத் திருத்துவதற்காக, நேரத்துக்கு மேலே 'பேருந்து என்றால் என்ன?', 'பேருந்தின் பயன்கள்', 'பேருந்தில் ஏறுவது எப்படி?' ஆகிய மூன்று கட்டுரைகள் வைக்கப்பட்டன. அவற்றைக் கடந்து நேரத்தை அடைவதற்குள் மனிதன், மூலம்-பௌத்திர வைத்தியத்துக்கு ஒன்றும் நகைக்கடனுக்கு ஒன்றுமாக இரண்டு விளம்பரங்களையாவது தொட்டிருப்பான்.

இத்தனைக்கும் மேலே கண்டுபிடிப்பு நிகழ்ந்தது, எல்லாப் பெரிய கண்டுபிடிப்புகளையும் போலத் தற்செயலாகத்தான். ஒருநாள் ஏதோ ஒரு கிராமத்து மினி பஸ்ஸின் நேரத்தைத் தளத்தில் தப்பாகப் போட்டுவிட்டார்கள். அன்று அந்த ஊரிலிருந்து வந்த கிளிக்குகளைப் பார்த்துப் பிரசாந்த் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். அவருடைய புகழ்பெற்ற கொள்கை பிறந்தது அப்போதுதான். பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவனுக்கு விளம்பரம் பார்க்க நேரம் இல்லை. பஸ்ஸில் ஏறிவிட்டவனுக்கு நிற்கவே இடம் இல்லை. பஸ்ஸை விட்டவனுக்கு எல்லாம் இருக்கிறது: நேரம், நிழல், கையில் செல்போன், வாழ்க்கையின் மேல் ஒரு கோபம். கோபத்தில் இருக்கிறவன் எதையாவது தொட்டுக்கொண்டே இருப்பான்.

"அப்ப எல்லாரையும் பஸ்ஸை விட வைக்கணும்ங்கிற, மாப்ள" என்றார் வசந்த்.

"அப்படிச் சொல்லாதடா. காத்திருக்கிற வாய்ப்பை ஏற்படுத்திக் குடுக்குறோம்."

பெரிய பஸ்களில் கை வைக்க முடியாது. பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர் உண்டு, விசில் உண்டு, கேள்வி கேட்கிற ஆளும் உண்டு. உள்கிராமத்து மினி பஸ்ஸுக்கு யாரும் இல்லை. எனவே 'நேரச் சீரமைப்புத் திட்டம்' மினி பஸ்களோடு தொடங்கியது. பஸ் புறப்படும் நேரத்தைத் தளத்தில் கொஞ்சம், கொஞ்சமே கொஞ்சம், பின்னால் தள்ளிப் போட்டார்கள். ஊர் ஊராக ஜனங்கள் வந்து, புழுதி அடங்குவதைப் பார்த்து, மரத்தடியில் நின்று, செல்போனை எடுத்தார்கள். தலைமை அலுவலகத்துக்கு ஏசி வந்தது.

நார்த்தாமலையிலிருந்து உள்ளே வெகுதூரம் தள்ளியிருந்த ஓர் ஊருக்கு டிரைவர் வைத்து மினி பஸ் விட்டிருந்த முதலாளி உமர் பாரூக். கையில் தொப்பியை வைத்துக்கொண்டு ஒருநாள் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். காலை ஏழு பத்து வண்டிக்கு ஜனமே வருவதில்லை, வண்டி போன பிறகு கூட்டமாக வந்து நிற்கிறது, கேட்டால் செல்லில் பார்த்தோம் என்கிறது என்று மிகவும் மரியாதையாக வருத்தப்பட்டார். பிரசாந்த் அவருக்கு ஏசியைக் கூட்டி வைத்து, தரவு என்றால் என்ன என்று விளக்கினார். தரவு உலகம் முழுவதிலும் இருந்து திரட்டப்படுவது, அது தப்பாவதற்கு வழியே இல்லை என்றார்.

"அப்ப வண்டிதான் தப்புங்கிறீங்களா தம்பி?"

"நான் சொல்லல பாய். தரவு சொல்லுது."

உமர் பாரூக் கையிலிருந்த தொப்பியைத் தலையில் வைத்தார். படித்தவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும், டிரைவரிடம் சொல்லிக்கொள்கிறேன் என்று ஸலாம் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அவர் டிரைவரிடம் சொல்லப்போவது ஏதோ ஆறுதல் வார்த்தை என்று பிரசாந்த் எண்ணிக்கொண்டார். அந்த வாரமே அந்த ஊரின் கிளிக்குகள் படுத்துவிட்டன. ஜனங்கள் பழகிவிட்டார்கள் என்று முடிவு செய்து நேரத்தை இன்னும் கொஞ்சம் தள்ளினார். கிளிக்குகள் எழுந்து உட்கார்ந்தன, மறுபடி படுத்தன. மறுபடி தள்ளினார். இப்படியாக ஏழு பத்து வண்டி தளத்தில் ஏழு நாற்பதில் வந்து நின்றது.

பிரசாந்தின் மனைவி அன்புச்செல்விக்கு அந்த ஊர்தான் பிறந்த ஊர் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். அவர் அரசு வேலைக்கான குரூப் ஃபோர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தார். போன தடவை ஒரே ஒரு கேள்வியில் வாய்ப்புப் போனது. வயது வரம்பு நெருங்கிக்கொண்டிருந்தது. விராலிமலை வீட்டில் படிக்க உட்கார்ந்தால் மாமியாரின் சீரியல் சத்தம் கேட்கிறது என்று ஒரு மாதமாகத் தாய்வீட்டில் இருந்து, தினமும் மினி பஸ் ஏறி, மெயின் ரோட்டு விலக்கில் இறங்கி, வேறு பஸ் மாறிப் புதுக்கோட்டை நூலகத்துக்குப் போய்ப் படித்து வந்தார். கணவரின் தளத்தை வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் திறந்திருந்தார். இலுப்பூர் பஸ் நேரம் பார்க்கப் போய், டிராக்டர் கடனுக்கு விண்ணப்பித்துவிட்டு வெளியே வந்தார். அதோடு சரி.

தேர்வுக்கு முந்தின நாள் சாயங்காலம் பிரசாந்த் போன் செய்தார். காலை ஒன்பது மணிக்கு மையத்தின் கேட்டை மூடிவிடுவார்கள், அதனால் ஆறு மணி வண்டிக்கே கிளம்பிவிடு என்றார். எதற்கு அவ்வளவு சீக்கிரம், ஒரு பாடம் திருப்பிப் பார்த்துவிட்டுக் கிளம்புகிறேன் என்றார் அன்புச்செல்வி.

"ஏழு நாப்பதுக்குத்தான் வண்டி இருக்குல்லங்க."

பிரசாந்துக்கு இரண்டு உணர்ச்சிகள் ஒரே நேரத்தில் வந்தன. மனைவி கடைசியில் நம் தளத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்டாள் என்ற பெருமை முதலாவது. அந்த ஏழு நாற்பது பொய் என்ற நடுக்கம் இரண்டாவது. பொய் என்று சொல்லிவிடலாம். சொன்னால் ஏன் என்று கேட்பாள். ஏன் என்று கேட்டால் கட்டைவிரல் கொள்கையை விளக்க வேண்டும். எந்தக் கணவனும் மனைவியிடம் விளக்கக்கூடிய கொள்கை அல்ல அது. நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிவிட்டு, கிளம்புவதற்கு முன்னால் தளத்தை ஒரு தடவை பார்த்துக்கொள் என்று மட்டும் சொன்னார். அன்புச்செல்வி, மனைவிமார் எல்லாவற்றுக்கும் சொல்வதைப் போல, சரிங்க என்றார்.

போனை வைத்ததும் பிரசாந்த் இந்தத் துறையில் யாரும் செய்யத் துணியாத ஒரு காரியத்தைச் செய்தார். ஏழு நாற்பதை அழித்துவிட்டு ஏழு பத்து என்று போட்டார். உண்மையான நேரம். விளம்பரங்களை அப்படியே விட்டார், ஒரே நாளில் எல்லா நல்லதும் செய்துவிட முடியாது. 'திங்கட்கிழமை பழையபடி மாற்றவும்' என்று வசந்துக்கு ஒரு தகவலும் அனுப்பினார். மனைவிக்காக ஒருவர் வருமானத்தைத் தியாகம் செய்வதை நாம் வரலாற்றில் அதிகம் பார்த்ததில்லை. அவர் கண்களே கொஞ்சம் கலங்கின.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் பல் விளக்கிய கையோடு கணினியைத் திறந்தவர் திகைத்துப் போனார். மனைவியின் ஊரிலிருந்து கிளிக்குகள் கொட்டிக்கொண்டிருந்தன. இதுவரை எந்தப் பொய்க்கும் அந்த ஊர் இப்படிக் கொட்டியதில்லை. தொட்ட விளம்பரத்தையே மறுபடி மறுபடி தொட்டிருந்தார்கள். உண்மையைப் போட்டால் யாரும் பஸ்ஸை விடமாட்டார்கள், விடாவிட்டால் தொடமாட்டார்கள் என்பது கொள்கை. கொள்கை பொய்த்தாலும் வரவு பொய்க்கவில்லை என்பதால் பிரசாந்த் உடனே கொள்கையை மாற்றிக்கொண்டார். வசந்தைக் கூப்பிட்டு, உண்மைக்கும் கிளிக் உண்டு, ஜனங்கள் நேர்மையை மதிக்கிறார்கள், இனி மாதம் ஒரு நாள் எல்லா ஊருக்கும் சரியான நேரத்தையே போட்டுப் பார்க்கலாம் என்றார். வசந்த் அதை நம்பத் தயங்கினார். பிரசாந்தையோ கல்லூரி ஒன்றில் பேசக் கேட்டிருந்தார்கள், அதற்கு 'வாய்மையும் வருவாயும்' என்று தலைப்புக்கூடத் தோன்றிவிட்டது.

ஒன்பது மணி தாண்டி அன்புச்செல்வி போன் செய்தார். தேர்வு நேரத்தில் போன் வரக்கூடாது என்பது பிரசாந்துக்கு ஒரு கணம் கழித்துத்தான் உறைத்தது.

"கேட்டை மூடிட்டாங்கங்க" என்றார். அழவில்லை. அழுது முடித்த குரல் அது.

பிரசாந்த், ஏழு பத்து என்று தெளிவாகப் போட்டிருந்தேனே, பார்க்கவில்லையா என்று கேட்டார்.

"தினம் ஏறுற வண்டிக்கு எதுக்குங்க செல்லைப் பார்க்கணும்? ஒரு வாரமா ஏழு நாப்பதுக்குத்தான் வந்துச்சு. அதுக்கு முன்னாடி ஏழரை. ஜனம் சைட்டைப் பார்த்துத்தான் வருது, நீயும் சைட்டைப் பார்த்தே வண்டியை எடுன்னு பாய் டிரைவர்ட்ட சொல்லிட்டாராம். இன்னிக்குக் காலையில டிரைவர் பார்த்திருக்காரு, ஏழு பத்துன்னு இருந்திருக்கு, எடுத்துட்டாரு. நாங்க ஏழரைக்குப் போய் நிக்கிறோம்."

முகூர்த்த நாள். ஊரில் இருந்த பைக்குகள் எல்லாம் கல்யாணத்துக்குப் போய்விட்டிருந்தன. அன்புச்செல்வியோடு தேர்வு எழுத வந்த இன்னும் மூன்று பெண்களும் சேர்ந்து ஒரு பால் வண்டியை மறித்து, கேன்களுக்கு நடுவில் நின்று விலக்கு வரை வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து ஓடியிருக்கிறார்கள். கேட்டை மூடிக்கொண்டிருந்த போலீஸ்காரர் தானும் வருத்தப்பட்டாராம். இவ்வளவையும் அன்புச்செல்வி ஒரே மூச்சில் சொன்னார்.

"ஆனா செல்வி, ஏழு பத்துதான் சரியான நேரம்" என்றார் பிரசாந்த். அதை ஏன் சொன்னோம் என்று அவருக்கே தெரியவில்லை.

"அப்ப இத்தனை நாளா?"

பிரசாந்துக்கு வேறு வழி இருக்கவில்லை. காத்திருக்கும் வாய்ப்பு, நேரச் சீரமைப்பு என்று அலுவலகத்தில் கம்பீரமாக ஒலித்த வார்த்தைகள் ஒன்றுகூட வாயில் வரவில்லை. கிளிக்குக்காக என்று சொன்னார். சொன்னபோது அவருக்கு வெட்கமாக இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவளிடம் இவ்வளவு சின்னவராக அவர் நின்றதில்லை.

அன்புச்செல்வி காலையில் நடந்ததன் மிச்சத்தையும் சொன்னார்.

"வண்டி போயிருச்சுன்னு தெரிஞ்சதும் அடுத்த வண்டி எப்பன்னு பார்க்க ஒங்க சைட்டைத்தான் எல்லாரும் தொறந்தோம். எங்கிட்டு தொட்டாலும் 'அடுத்த தேர்வில் வெற்றி நிச்சயம்'னு ஒரு கோச்சிங் சென்டர்தான் வருது. அவசரத்துல அதையே தொட்டுக்கிட்டு இருக்கோம்."

பிரசாந்த் கணினியைப் பார்த்தார். கிளிக்குகளின் கோடு இன்னும் மேலேதான் ஏறிக்கொண்டிருந்தது. அதை மூடினார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்குறேன்" என்றார் அன்புச்செல்வி. "ஒங்க பொய்க்குப் பழகி, வண்டி, டிரைவர், ஊரு எல்லாம் ஒழுங்காப் போய்ட்டு வந்துக்கிட்டு இருந்தோம். ஒரே ஒரு நாளு நெசத்தைச் சொல்லப் போறீங்கன்னா, கட்டுன பொண்டாட்டிக்கிட்டயாவது அதை முன்கூட்டியே சொல்லியிருக்கக் கூடாதா? சூதானமா இருந்திருப்பேன்ல."