மெசூசாவைச் சாய்வாகத்தான் மாட்டணும், மொரீன்!

சவுத்போர்ட்,
யூதப் புத்தாண்டுக்கு முந்தைய வியாழக்கிழமை.

ஒரே நாளில் வெயிலையும் குளிரையும் மழையையும் பார்த்துவிடும் மெல்போர்னில் வாசம் செய்யும் என் அன்புத் தம்பி லயோனலுக்கு, உன் அக்கா ரோனா ஆசையோடு எழுதுவது. நானும் உன் அத்தான் மெர்வினும் சௌக்கியம். நீயும் ஷோஷனாவும் பிள்ளைகளும் நன்றாக இருக்க வேண்டும், வருகிற வருஷம் உங்கள் எல்லோருக்கும் தேனாக இனிக்க வேண்டும். மரியாதையெல்லாம் முடிந்ததா? சரி, இப்போது கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு உட்கார். ஃபோனில் சொல்லியிருப்பேன், ஆனால் நீ நடுவில் புகுந்து புத்தி சொல்வாய், நான் கத்துவேன், அப்புறம் விஷயமே போய்விடும். கடிதத்தில் நீ வாயைத் திறக்க முடியாது பார்!

போன மாதம் ஒருநாள் காலையில் பால் எடுக்கக் கதவைத் திறந்தால், வாசல் நிலையில் இருந்த மெசூசாவைக் காணோம். லீட்ஸ் வீட்டைக் காலி செய்தபோது அப்பா கழற்றி என் கையில் கொடுத்தாரே, அந்தப் பித்தளைக் குழல்தான். உள்ளே இருந்த வேத வசனச் சுருளோடு போய்விட்டது. இரும்புக் கம்பியை விட்டு நெம்பியிருக்கிறான்கள், மரம் பிளந்து கிடக்கிறது. கதவில் ஆணியால் ஒரு வார்த்தை கீறியிருந்தது. அது என்ன வார்த்தை என்று எழுத மாட்டேன், பள்ளிக்கூட மைதானத்தில் உன்னையும் என்னையும் கூப்பிட்டது அதுதான். கொடுமை என்னவென்றால் அதிலும் எழுத்துப்பிழை. இந்த ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவள் நான், தப்பைக் கண்டால் திருத்தாமல் இருக்க முடியாது. முதலில் என் கை பேனாவைத்தான் தேடியது என்றால் நம்புவாயா? அதற்கப்புறம்தான் உன் அத்தானைக் கூப்பிட்டேன்.

உன் அத்தான் வந்து பார்த்தார். ஷெட்டுக்குப் போய் மரத்தூள் பசையும் பச்சைப் பெயின்ட்டும் கொண்டுவந்து ஓட்டையை அடைத்து, கீறலை மூடிவிட்டு, "யார்கிட்டயும் சொல்லாதே ரோனா"ன்னார். நான் விடுவேனா, போலீசைக் கூப்பிட்டேன். வந்த பையனுக்கு மீசைகூட முளைக்கல. "வாசல்ல இருந்து பார்சல் ஏதாவது காணாம போச்சாம்மா?"ங்கறான். யூதங்க வாசல்ல மாட்டற மதச் சின்னம்ப்பான்னேன். "காலிங் பெல்லுன்னு போட்டுக்கலாமா, அதுக்குத்தான் தனியா கட்டம் இருக்கு"ன்னு கேட்டுட்டு, டீயைக் குடிச்சிட்டுப் போனான். அதைக்கூடப் பொறுத்துக்கலாம் லயோனல். மெர்வினைத்தான் பார்க்க முடியல. அவங்கம்மா, யூதங்களைத் துரத்தின காலத்துல, சின்னப் பொண்ணா வியன்னாவிலிருந்து தனியா ரயிலேறி வந்தவங்க இல்லையா, பயத்தைப் பாலோட ஊட்டி வளர்த்துட்டாங்க. கேட் கிறீச்சிட்டா இவர் எழுந்து நடையில போய் நிக்கிறார். பந்து உருட்டற கிளப்புக்குப் போறதை நிறுத்திட்டார். மான்செஸ்டர்ல வாட்ச்மேன் வச்ச அடுக்குமாடி வீட்டுப் படங்களைக் காட்டி, "இதுல லிஃப்ட் இருக்கு, உன் முட்டிக்கு நல்லது"ங்கறார். என் முட்டி நல்லாத்தான் இருக்கு! இவர் மனசுதான் ஒடிஞ்சு போச்சு. இந்த வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டியதுதான் போலன்னு நானும் நினைக்க ஆரம்பிச்சேன்.

இப்படி இருக்கும்போதுதான் பக்கத்து வீட்டு மொரீன் ஆக்டன் வேலியோரமா வந்து நின்னா. உனக்கு ஞாபகம் இருக்கும், நீ வந்தப்போ உன் தாடியை இழுத்துப் பார்த்து "நிஜமா?"ன்னு கேட்டாளே, அவதான். "ஏம்மா ரோனா, உங்க வாசல்ல இருந்த தெர்மாமீட்டர் எங்கே?"ங்கறா. இத்தனை வருஷமா அதைத் தெர்மாமீட்டர்னு நினைச்சிருக்கா! காலையில ஸ்வெட்டர் போடறதா வேணாமான்னு தூரத்திலிருந்து அதைப் பார்த்துத்தான் முடிவு பண்ணுவாளாம். அடிக்கடி ஜலதோஷம் பிடிக்கிறதுக்குக் காரணம் இப்பத்தான் தெரிஞ்சுது. கழண்டு விழுந்துடுச்சுன்னு பொய் சொன்னேன். ஆனா வெயில் கதவு மேல சாய்வா விழுந்துக்கிட்டிருந்துது, பெயின்ட்டுக்கு அடியில அந்த வார்த்தை தெரிஞ்சுது. எழுத்துக்கூட்டிப் படிச்சா. முகம் அப்படியே சிவந்து போச்சு. "யாரு? எவன்? எந்த வீட்டுப் பையன்?"னு கத்தினா, அழுதா, என்னைக் கட்டிப் பிடிச்சா, என் சட்டைத் தோள்ல மூக்கைத் துடைச்சா, போயிட்டா. அத்தோட முடிஞ்சுதுன்னு நினைச்சேன். மொரீன் விஷயத்துல எதுவும் அத்தோட முடியாதுங்கறதை நான் மறந்துட்டேன்.

அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை திரைச்சீலையை விலக்கினால், லயோனல், எதிர் வரிசையில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு மெசூசா! ஒன்றிரண்டு வீடு தவிர எங்கள் வரிசையிலும்! மெதடிஸ்ட் சர்ச்சில் ஆர்கன் வாசிக்கிற மிஸ் பில்கிங்டன் வீட்டில் ஒன்று, நாய் வளர்க்கிற பையன்கள் வீட்டில் ஒன்று, மொரீன் வீட்டில் கொல்லைக் கதவையும் சேர்த்து மூன்று. இன்டர்நெட்டில் மொத்தமாக வரவழைத்திருக்கிறாள். "இப்ப அந்தப் பயலுக வரட்டும் பார்க்கலாம். எந்த வீட்டுல நெம்புவாங்க? எல்லார் வீட்டுலயும் நெம்பணும்! கை வலிச்சே செத்துடுவாங்க!" என்று நடுத்தெருவில் நின்று கத்துகிறாள். நான் வாசற்படியில் உட்கார்ந்து அழுதேன். சிரிக்கவும் செய்தேன். ரெண்டும் ஒரே மூச்சில் வந்ததில் விக்கல் எடுத்துவிட்டது.

மெர்வின் ஜன்னல் வழியாக ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். கண் கலங்கியிருப்பார் என்று கைக்குட்டையோடு பக்கத்தில் போனால், "எல்லாத்தையும் தப்பா மாட்டியிருக்காங்க"ங்கறார். ஒண்ணு தலைகீழா, ஒண்ணு இடது பக்கம், மிஸ் பில்கிங்டன் வீட்டுது ராணுவச் சிப்பாய் மாதிரி நெட்டுக்குத்தலா! உடனே மான்செஸ்டர் தொழுகைக்கூடத்து ரப்பிக்கு ஃபோன் போட்டார். நம்ம ஆளுங்க இல்லாதவங்க மாட்டலாமா, அதுக்கு என்ன விதின்னு கேட்டார். எத்தனை வீடுன்னு ரப்பி முதல்ல கேட்டார். அப்புறம், "உள்ளே சுருள் இருக்கா?"ன்னார். இல்லை, பொம்மைக் கடைச் சரக்கு, உள்ளே சீன மொழியில ஏதோ துண்டுச்சீட்டுதான் இருக்குன்னு சொன்னோம். "அப்ப அது வெறும் பெட்டி. வெறும் பெட்டியை யார் வேணா மாட்டலாம், மனசாரச் செய்யறாங்க, விடுங்க"ன்னார். மெர்வின் ஃபோனை வச்சுட்டு, "வெறும் பெட்டியா இருந்தா என்ன, மாட்டறதை ஒழுங்கா மாட்ட வேணாமா?"ன்னு சொல்லிக்கிட்டே ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார்.

இதைத்தான் உனக்குச் சொல்லணும்னு இவ்வளவு தூரம் எழுதிக்கிட்டு வந்தேன். ஜன்னல் திரையைத் திறக்கவே பயந்த மனுஷன், பட்டப்பகல்ல, தலையில கிப்பாக் குல்லாவைப் போட்டுக்கிட்டு — கல்யாணத்துக்கும் சாவுக்கும் மட்டும் வெளியே எடுக்கற அந்தக் கறுப்புக் கிப்பா — தெருவுல இறங்கி ஒவ்வொரு வீடா பெல்லை அடிக்கிறார்! "மன்னிக்கணும், உங்க மெசூசா தப்பா இருக்கு." மொரீன் வீட்டு வாசல்ல நின்னுக்கிட்டு, "சாய்வாத்தான் மாட்டணும், மொரீன்! மேல்முனை வீட்டுக்குள்ள பார்க்கணும்!"ங்கறார். "ஏன் சாய்வா?"ன்னு அவ கேட்டா. "நேரா நிக்கணும்னு ஒரு பண்டிதர் சொன்னார், படுக்க வைக்கணும்னு இன்னொருத்தர் சொன்னார், ரெண்டு பேரும் விட்டுக் கொடுக்கல, அதான் நடுவுல"ன்னார். "எங்க குடும்பத்துல கிறிஸ்துமஸ் சண்டை மாதிரியே இருக்கே!"ன்னு மொரீன் சிரிச்ச சிரிப்பு கடற்கரை வரைக்கும் கேட்டிருக்கும். திரும்பி வரும்போது அவர் கையில ஒரு கேக்கு, ஒரு ஜாம் பாட்டில், கால்ல நாய்க்கடி ஒண்ணு. சின்னக் கடிதான், பயப்படாதே. பல்லு பேன்ட்டைத் தாண்டல.

அப்புறம் மான்செஸ்டரிலிருந்து தாடியும் கறுப்புத் தொப்பியுமா ஒருத்தர் வந்தார். தாயில்லாப் பொண்ணு ஒண்ணுக்குக் கல்யாணம், அதுக்கு வசூல். தெருமுனையில நின்னு வீட்டுக்கு வீடு மெசூசாவைப் பார்த்தவருக்குக் கண்ணையே நம்ப முடியல. ஒவ்வொரு வீடா ஏறியிருக்கார். மொரீன் அவரை உட்கார வச்சு நாம கையாலயும் தொடாத பன்றிக்கறி சாண்ட்விச் கொடுத்திருக்கா! மனுஷர் பேயைப் பார்த்த மாதிரி ஆயிட்டார், ஆனாலும் மரியாதையா, இப்பத்தான் சாப்பிட்டேன்னு சொல்லித் தப்பிச்சிருக்கார். கடைசியா எங்க வீட்டுக்கு வந்து, "அம்மா, இங்க நிஜமா நம்மவங்க யாருமே இல்லையா?"ன்னார். உட்காருங்க, யாரு பொண்ணு, எந்தப் பையன், ஏன் இவ்வளவு அவசரம், பொண்ணுக்குச் சம்மதமான்னு நான் ஆரம்பிச்சேன். அவர் முகம் மலர்ந்துபோச்சு. "அப்பாடா! எல்லாரும் கேள்வியே கேக்காம கொடுத்தாங்க, எனக்குப் பயமா இருந்துது"ன்னார்.

எல்லாமே இப்படி இனிச்சுதுன்னு நினைச்சுக்காதே. மூணாவது வீட்டு ஃபியோனா ரொம்பப் படிச்சவ. "நானும் மாட்டறேன் ரோனா, ஆனா அதுக்கு முன்னாடி அங்க யூத நாட்டுல நடக்கிற போரைப் பத்தி நீங்க என்ன நினைக்கிறீங்கன்னு தெரிஞ்சாகணும்"ன்னா. அங்கே சாகற குழந்தைங்களுக்காக நான் அழாத நாளில்லை, யார் வீட்டுக் குழந்தைன்னு பார்த்து அழல. ஆனா சவுத்போர்ட்ல என் கதவை எவனோ உடைச்சதுக்கு வருத்தப்பட, முதல்ல எனக்கு ஒரு பரீட்சை வைக்கணுமா? "நான்தான் உனக்கு லைசென்ஸ் வாங்கிக் கொடுத்தேன் ஃபியோனா. உன்னைக் கார்ல ஏத்தறதுக்கு முன்னாடி உன் ராஜாவோட கொள்கையைப் பத்தி நான் கேட்டேனா?"ன்னேன். யோசிக்கிறேன்னு போனா. இன்னும் யோசிச்சுக்கிட்டிருக்கா.

போன சனிக்கிழமை பந்து உருட்டற கிளப்புல டீ. மெர்வின் தானாவே வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டுக் கிளம்பினார், நானும் கார் சாவியை எடுத்துக்கிட்டேன். கிளப் செயலாளர் டெரெக்கை உனக்குத் தெரியாது. ஆளு சத்தமா இருப்பான், கெட்டவன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. கேக்கை வெட்டிக்கிட்டே, "உங்க தெருவே மதம் மாறிடுச்சாமே! நல்லது, வீட்டு விலையெல்லாம் ஏறும். பணத்தை எப்படிப் புரட்டறதுன்னு உங்க ஆளுங்களுக்குத்தானே தெரியும்!"ன்னான். ரெண்டு மூணு பேர் சிரிச்சாங்க. மத்தவங்க டீக்கோப்பைக்குள்ள எதையோ தேடினாங்க. கூட வந்திருந்த மொரீன் கையில முள்கரண்டியோட எழுந்தா, நான் பாவாடையைப் பிடிச்சு இழுத்து உட்கார வச்சேன். மெர்வின் எழுந்தார். குரலை உயர்த்தல. "டெரெக், எனக்குப் புரியல. இன்னொரு தடவை சொல்லேன்"ன்னார். டெரெக் சிரிச்சுக்கிட்டே இன்னொரு தடவை சொன்னான். இந்தத் தடவை யாரும் சிரிக்கல. "இல்ல, இப்பவும் புரியல. இதுல எந்த இடத்துல சிரிக்கணும்? எனக்கு விளக்கிச் சொல்லு, அவசரமில்ல"ன்னார். "சும்மா ஜோக்குப்பா மெர்வின்." "ஜோக்குன்னு தெரியுது. எது ஜோக்குன்னுதான் கேக்கறேன். என் கதவை உடைச்சவனும் ஜோக்குன்னுதான் சொல்லுவான்." டெரெக் காதுவரைக்கும் சிவந்து, கேக்கை அப்படியே விட்டுட்டு வெளியே போனான். மன்னிப்புக் கேக்கல. இன்னிக்கு வரைக்கும் கேக்கல, கடைவீதியில பார்த்தா எதிர்ப் பக்கம் போறான். ஆனா சிரிச்சவங்கள்ல ஒருத்தர் மெர்வின் பக்கத்துல வந்து நின்னு, "நான் சிரிச்சிருக்கக் கூடாது"ன்னார். மெர்வின் அவருக்கு ஒரு துண்டு கேக் கொடுத்தார், அவ்வளவுதான். வீட்டுக்கு வந்ததும் உட்கார்ந்து அழுதார். "அம்மா பார்த்திருந்தா திட்டியிருப்பா"ன்னார். அப்புறம் நல்லாத் தூங்கினார். அந்த மான்செஸ்டர் படங்கள் குப்பைக்குப் போயிடுச்சு.

ரப்பி அனுப்பிய புது மெசூசா இப்போது எங்கள் வாசலில் இருக்கிறது. கதவைக் கீறியவன் யாரென்று தெரியவில்லை, தெரியப்போவதுமில்லை. வெளியே யாராவது ஓடினால் எனக்கு இன்னும் நெஞ்சு அடித்துக்கொள்கிறது, உன்னிடம் மறைப்பானேன். ஆனாலும் தெரு அமைதியாகிவிட்டது. மொரீனிடமும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்: "நீ செஞ்சதை உயிருள்ளவரை மறக்க மாட்டேன், ஆனா இதோட போதும், எங்களுக்கு ஆர்ப்பாட்டம் பிடிக்காது, இனிமே நாங்க உண்டு எங்க வேலை உண்டுன்னு இருக்கோம்." அவளும் புரிகிறது என்று தலையாட்டினாள். ஆகவே நீ ஒன்றும் கவலைப்படாதே, டிக்கெட் எடுத்துக்கொண்டு ஓடிவராதே, இனி இங்கே கடிதம் எழுதும்படியாக எதுவும் நடக்கப்போவதில்லை.

ஷோஷனாவுக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு நெற்றியில் முத்தம். வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போது உங்கள் பெயர்களைத்தான் முதலில் சொல்கிறேன். கடவுளின் ஏட்டில் நல்ல வருஷத்துக்கு உங்கள் எல்லோர் பெயரும் எழுதப்படட்டும்.

இப்படிக்கு,
ஆசீர்வாதங்களுடன் உன் அக்கா,
ரோனா

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் மொரீன் வந்துவிட்டாள். நமக்குத் தோட்டத்தில் பந்தல் போட்டு, ஓலை வேய்ந்து, ஒரு வாரம் அதில் உட்கார்ந்து சாப்பிடுகிற பண்டிகை ஒன்று உண்டென்று யாரோ அவளிடம் சொல்லிவிட்டார்கள். கொட்டுகிற மழையில் பலகைகளோடு வாசலில் நிற்கிறாள், பின்னால் மிஸ் பில்கிங்டன் சுத்தியலோடு, அவளுக்கும் பின்னால் ஃபியோனா ஆணிப் பெட்டியோடு. முடியவே முடியாது, இதெல்லாம் வேண்டாம் என்று சொல்லத்தான் நான் எழுந்தேன். அதற்குள் உன் அத்தான் வெளியே ஓடி, "இந்தப் பலகை பத்தாது! தெருவே உட்காரணும்!"னு கத்திக்கிட்டிருக்கார். டிக்கெட் எடுத்துடு.