கொசு புகாத வீடு

இல்போ காலையில் மகளை எழுப்பப் போனபோது அவளுடைய இடது கை பன் ரொட்டி போல உப்பிக் கிடந்தது. முந்தின நாள் ஒரு காது. அதற்கு முந்தின நாள் ஒரு விரல்.

ஆறு வயது ஹில்யாவுக்குக் கொசுக்கடி ஆகாது. மற்றவர்களுக்குச் சொறிந்தால் சரியாகிவிடும். அவளுக்கோ கடித்த இடம் வீங்கி, கொதித்து, காய்ச்சலில் கொண்டுபோய் விடும். கொசு மொய்க்கும் எங்கள் ஏரிப் பக்கம் ஜூலை மாதத்தில் அப்படியொரு உடம்போடு இருப்பது, தண்ணீரில் கண்டம் உள்ளவன் படகோட்டுவது மாதிரி. இல்போவின் மனைவி ரைலி வேலையாக ஒரு வாரம் ஹெல்சிங்கி போயிருந்தாள். போகும்போது ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"நான் திரும்பி வர்றப்போ அவ முகம் எனக்கு அடையாளம் தெரியணும்."

விரல் வீங்கிய அன்றே இல்போ எல்லாச் சன்னல்களுக்கும் வலை அடித்துவிட்டான். அடித்த வேகத்தில் ஒரு கண்ணாடி விரிசல் விட்டது, டேப் ஒட்டினான். அப்படியும் மறுநாள் காது வீங்கவே, பழைய வாளியில் பைன் காய்களைப் போட்டு வீட்டுக்குள் புகை மூட்டினான். கொசுவுக்கு முன்பாக அவர்கள் இருவருக்கும் மூச்சு முட்டியது. கதவைத் திறந்தான். புகை போன வழியில் கொசு வந்தது.

அவற்றை ஒவ்வொன்றாக அடித்துத் தீர்த்தான். அடுப்பின் புகைபோக்கியில் துணி திணித்தான். சாவித் துவாரத்தில் மெழுகு ஊற்றினான். அதன்பின் சாவி நுழையவில்லை. ஒரு சன்னலின் வலையைக் கழற்றிக் கழற்றி மாட்டி, அதன் வழியாகத்தான் போக வர வேண்டியிருந்தது. ஆனால் வீட்டுக்குள் ஒரு கொசுகூட இல்லை. மூலை முடுக்கெல்லாம் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டான்.

பிறகு இந்தக் கை எப்படி?

பக்கத்து வீட்டு வெய்க்கோ தேனீ வளர்ப்பவர். விஷயத்தைக் கேட்டதும் தன் அங்கியையும் முகமூடியையும் கொண்டுவந்து சன்னல் வழியாக நீட்டினார்.

"இதப் போட்டா தேனீயே கிட்ட வராதுப்பா. கொசு எம்மாத்திரம்?"

குழந்தைக்குப் போடுவதற்குமுன் இல்போ தானே போட்டுப் பார்த்தான். முகமூடிக்குள் ஒரு தேனீ மிச்சம் இருந்தது.

சுகாதார நிலையத்தில் நர்ஸ் கெர்ட்டு, கத்தரிக்காய் அளவுக்குத் தொங்கிய இல்போவின் மூக்கையும் ஹில்யாவின் கையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இதுல யாருக்கு அலர்ஜி?"

இல்போ மகளைக் காட்டினான். கெர்ட்டு மருந்து கொடுத்து, கைக்கு ஈரத்துணி கட்டி, காய்ச்சல் பார்த்தாள். நல்லவேளை, லேசாகத்தான் இருந்தது. பிறகு அவனிடம் வலை, புகை, மெழுகு எல்லாவற்றையும் வரிசையாகக் கேட்டறிந்தாள்.

"வீட்டுக்குள்ள கொசுவே இல்லேங்கறீங்க. அப்புறம் எப்படிக் கடிக்குது?"

மூன்று நாளாக மண்டையை உடைத்துக்கொள்வதே அதற்குத்தான் என்றான் இல்போ. மூக்கால் பேசியதால் அழுவது போல இருந்தது.

கட்டிலில் காலாட்டிக்கொண்டிருந்த ஹில்யாவுக்கு அப்பாவைப் பார்க்கப் பாவமாகிவிட்டது.

"நாந்தான் தினம் காதையும் கையையும் வலையில ஒட்டி வெச்சுக் குடுக்கறேன், கடிக்கறதெல்லாம் அம்மாக் கொசுவாம், ரத்தம் குடிச்சாத்தான் முட்டை போடுமாம், அப்பா எல்லா வழியையும் அடைச்சுட்டா அதுங்க எங்க போகும்?"