இன்னும் அடிக்கடி வாங்க

"நீங்க இன்னும் அடிக்கடி வரணும்" என்று பக்கத்து வீட்டு பிரெண்டா வேலியோரம் நின்று சொன்னதிலிருந்து டெஸ்மண்டுக்கு ஒரே குழப்பம். அந்த வீட்டுக்கு அவர் அதுவரை ஒருமுறைகூடப் போனதில்லை.

ஆங்கில அகராதி அலுவலகத்தில் சொற்களின் பிறப்பைத் துருவித் துருவியே ஓய்வுபெற்றவர். யார்க்ஷயரில் வந்து குடியேறிய பிறகு காதுகொடுக்க ஆளில்லை. அது அவரை வாட்டியது. அன்று மாலையே போய்விட்டார். தேநீரும் கேக்கும் வந்தன.

"'அடிக்கடி'ங்கிறதுக்கு நீங்க சொன்ன 'ஆஃபன்' இருக்கே, ஆதியில அது வெறும் 'ஆஃப்ட்'தாங்க. 'எப்பவாவது'ங்கிறதுக்கு அப்போ 'செல்டன்'னு ஒரு சொல். அதைப் பாத்து இதுவும் கடைசியில 'அன்'னு ஒரு வால் ஒட்டிக்கிச்சுன்னு ஒரு யூகம்."

"அப்படியா!" என்றாள் பிரெண்டா. அவள் கணவர் வில்ஃப் கேக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கிளம்பும்போது, "இன்னும் அடிக்கடி வாங்க!"

வாரம் ஒருமுறை போனார். வாசலில் அதே வார்த்தை. ஒன்றுவிட்டு ஒருநாள் போனார். கேக் போய் பிஸ்கட் வந்தது, பிறகு வெறும் தேநீர். வில்ஃப் கொட்டாவியை மறைப்பதையும் விட்டுவிட்டார். வார்த்தை மட்டும் மாறவில்லை.

"ஹில்டா, எத்தனை தடவை போனா அது 'அடிக்கடி'? அகராதியில 'பல முறை'ன்னு போட்டுத் தப்பிச்சுட்டோமே!" என்று வீட்டில் மனைவியிடம் புலம்பினார்.

"பத்தலையோ என்னவோ. தினம்தான் போயேன்" என்றாள் ஹில்டா.

தினமும் போனார். இப்போது தேநீரும் ஆறியே வந்தது. தாங்கமாட்டாமல் பப்பில் கேட்டார். கடைக்காரர் சிரித்த சிரிப்பில் பீர் சிந்தியது.

"யோவ், நம்ம ஊர்ல அது சும்மா மரியாதைக்குச் சொல்றதுய்யா! அதை நம்பி யாராவது போவாங்களா?"

டெஸ்மண்டுக்கு மானமே போய்விட்டது. இருந்த ஒரே நட்பையும் கெடுத்துக்கொண்டோமே என்று நொந்துகொண்டார். மழையில் நனைந்தபடி போய்க் கதவைத் தட்டினார்.

"மன்னிச்சிருங்க. இனிமே இந்தப் பக்கமே வரமாட்டேன்."

பிரெண்டாவின் முகம் வெளுத்தது. "ஐயையோ, அப்படிச் சொல்லாதீங்க! கண்டிப்பா வரணும்!"

"மரியாதைக்குச் சொல்றீங்க."

"மரியாதையும் இல்ல, மண்ணும் இல்ல!"

உள்ளேயிருந்து பதறியடித்து ஓடிவந்தார், இத்தனை நாளும் வாயே திறக்காத வில்ஃப்.

"பிரெண்டா, விட்டுடாதே! நம்ம துணிக்கு இனிமே யாரு இஸ்திரி போடுவா? இவரை இங்க உக்கார வெச்சுக்கிறதுக்குத்தானே ஹில்டா போட்டுத் தர்றா!"